ஜாம் கொட்டகையின் நாக்கு

ஜாம் கொட்டகையில் பாட்டில் கழுவுகிற பெண்ணைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு சின்னவள். வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையான பிறகு, மதிய நேரம் வந்தாலே அவளுக்குத் திடீரென்று வேலை கூடிவிடும். எல்லோரும் மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, குழாயடியில் கழுவின பாட்டிலையே மறுபடியும் கழுவிக்கொண்டிருப்பாள்.

அப்போது ருசி எழுந்து போவாள். கையில் தன் டிபன் பாக்ஸ் இருக்கும்.

"குருவி, இதைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடு. காலையிலேர்ந்து ருசி பார்த்துப் பார்த்தே எனக்கு வயிறு நிறைஞ்சு கிடக்கு. மிச்சம் வச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா எங்க அக்கா என் தோலை உரிச்சுரும்."

தோலை உரிக்கிற அந்த அக்கா, பத்தடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள் இருவரும். அண்ணன் மனைவியை வீட்டில் பெரியவள் என்பார்கள். கொட்டகையிலும் அதே பேர்தான். முதல் நாள் அந்தப் பேச்சைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஊருக்கு நல்லவளாக என்னை ராட்சசியாக்குகிறாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ருசி அடுக்களையில் நின்றபடியே பழைய சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பெரியவள் அந்த டிபன் பாக்ஸில் ஒரு கை கூடுதலாக வைத்து அமுக்கினாள். அவ்வளவுதான்.

ருசி என்பது அவள் பேர் இல்லை. கொட்டகை வைத்த பேர். கல்யாணம் ஆகி வந்த புதிதில், குடிக்கக் கொடுத்த தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நேத்து குடுத்த கிணத்துத் தண்ணி இல்லையே" என்றாள். இல்லைதான். வழக்கமான கிணற்றில் வாளி விழுந்துவிட்டது என்று தோட்டத்துக் கிணற்றிலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். வீடே வாயைப் பிளந்தது. கடவுள் சிலருக்குக் கையில் வைக்கிறார், சிலருக்குக் கண்ணில் வைக்கிறார். இவளுக்கு நாக்கில் வைத்துவிட்டார்.

கொட்டகை தகரக் கூரை போட்டது. உள்ளே நாலு அடுப்பு, நாலு பெரிய அண்டா. சுற்றிலும் பழத்தோட்டம் என்பதால் கொய்யா வரும் காலத்தில் கொய்யா, அன்னாசி வரும் காலத்தில் அன்னாசி, இரண்டும் குறைந்தால் இருப்பதையெல்லாம் கலந்து ஒரு ஜாம். உள்ளே காலை வைத்தால் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். ஆவி கண்ணை மறைக்கும். அந்த ஆவிக்கு நடுவில் ஒரு கரண்டியோடு ருசி அண்டாவுக்கு அண்டா போய்க்கொண்டிருப்பாள். ஒரு வாய் எடுப்பாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பாள். "இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்." அடுத்த அண்டா. "எலுமிச்சை விடு." அடுத்தது. "இறக்கு, இறக்கு, போச்சு." மறுபடி முதல் அண்டா. காலையில் ஆரம்பித்தால் அடுப்பு அணைகிற வரைக்கும் இதே சுற்றுதான். அவள் தலையசைக்காமல் ஒரு அண்டாவும் இறங்காது. முதலாளியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கொட்டகையின் கடைசியில் நீள மேசை. அங்கே பாட்டிலில் ஜாம் நிரப்பி மூடி போடுவது பெரியவளின் வேலை. அவளுக்கு நாக்கும் இல்லை, மூக்கும் இல்லை என்று ருசி கேலி செய்வாள். "எங்க அக்காவுக்குச் சூடா இருந்தா சாப்பாடு, ஆறிப் போனா பழையது. வேற வித்தியாசம் தெரியாது." அது உண்மையும்தான்.

ருசிக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஊரே மெச்சியது. வயிறு அப்படி எடுத்து நின்றது. எப்போதும் தாகம் என்பாள், செம்பும் கையுமாக அலைவாள். பிள்ளை நன்றாக வளர்கிறது என்றார்கள். ராஜா மாதிரி வரப்போகிறான் என்றார்கள். ராஜா மாதிரிதான் வந்தான். தலை வந்தது, தோள் வரவில்லை. தோள் மாட்டிக்கொண்டு, வெளியே எடுப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. துணியில் சுற்றி முதலில் பெரியவள் கையில்தான் கொடுத்தார்கள். அந்தக் கனம் அவள் கையை விட்டுப் போகவே இல்லை. நிரப்பின பாட்டில் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் கை அதை நினைத்துக்கொள்ளும்.

ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. ஆண்டவன் கொடுத்தான், ஆண்டவனே எடுத்துக்கொண்டான் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். ருசி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கும்பிடுகிற நேரத்தில் கும்பிட்டாள், வேலைக்குப் போகிற நேரத்தில் போனாள். ஆனால் கரண்டியை வாயில் வைத்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் சொல்லாமல் நிற்பாள். அந்த மாதங்களில் கொட்டகை குத்துமதிப்பாகத்தான் ஓடியது.

வருஷங்கள் போய் இரண்டாவது உண்டானபோது, துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக ஒரு நர்ஸம்மா வந்திருந்தார். சுகாதார நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு பெஞ்சு, வாசலில் எடை பார்க்கிற மிஷின். நர்ஸம்மா ருசியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே பெரியவளுக்கு நெஞ்சில் தைத்தது.

"முதல் பிள்ளை என்ன எடைம்மா?"

பெரியவள்தான் சொன்னாள். "எடை போடலைங்க. ஆனா நான் தூக்குனேன். ரொம்பக் கனம்."

நர்ஸம்மா அவள் கையைப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்து, குடித்துவிட்டு எங்கேயும் போகாமல் உட்காரச் சொன்னார். ருசி குடித்து முடித்து உதட்டைத் துடைத்தாள்.

"இதுல ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டிருக்கலாம், நர்ஸம்மா."

"ஜாம் கொட்டகைன்னு சொன்னாங்க, சரிதான்" என்று நர்ஸம்மா சிரித்துவிட்டார்.

காத்திருந்த பிறகு விரல் நுனியில் ஒரு குத்து. கடுகளவு ரத்தம். அதை ஒரு பட்டையில் தொட்டு, கைக்குள் அடங்குகிற மிஷினில் சொருகினார். எண் வந்தது. நர்ஸம்மா முகத்திலிருந்த சிரிப்பு போனது.

"கர்ப்ப காலத்துச் சர்க்கரைம்மா. பயப்படாதே, இது உன் தப்பு இல்ல. பிள்ளை வளரணும்னு உடம்பு மாறுதில்ல, அப்ப சிலருக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள நிக்காது. உன் ரத்தத்துல கூடுதலா ஓடுறது கொடி வழியா பிள்ளைக்கும் போகும். பிள்ளை தேவைக்கு மேல பெருக்கும். தோள் அகலமாயிரும்."

தோள் என்ற வார்த்தை அறையில் விழுந்ததும் பெரியவள் தன் இரண்டு கையையும் பார்த்தாள். இத்தனை வருஷம் ஆண்டவன் மேல் போட்ட பாரம் இந்தக் கடுகளவு ரத்தத்தில் இருந்ததா?

"அப்ப முதல் பிள்ளையும் இதனாலயா?" என்று அவளே கேட்டாள்.

"அப்ப யாரும் பார்க்கலையே. நான் எப்படி அடிச்சுச் சொல்றது? இருந்திருக்கலாம்."

ருசி தன் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இப்ப பார்த்தாச்சு இல்ல?"

"பார்த்தாச்சு."

"அப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க."

நர்ஸம்மா சொன்னார். சோறு குறைவாக, கீரையும் பருப்பும் கூடுதலாக. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். இனிப்பு கூடவே கூடாது. சாப்பிட்ட பிறகு நடக்க வேண்டும். ருசி ஒன்று விடாமல் செய்தாள். பெரியவள் அடுக்களையையே மாற்றினாள். வாய்க்கால் கரையில் இரண்டு பேரும் நடப்பதைப் பார்த்து எதிரே வருகிறவர்கள், "என்ன, மாமியார் கொடுமையா, ரெண்டு மருமகளும் வீட்டை விட்டுக் கிளம்பிட்டீங்க?" என்பார்கள். மாமியார் போய்ச் சேர்ந்தே வெகு காலம். ருசியின் வீட்டுக்காரன் டிராக்டர் ஓட்டுகிறவன், தன் தட்டிலும் கீரை மலை போல் விழுவதைப் பார்த்து, "அண்ணி, பிள்ளை அவளுக்கா எனக்கா?" என்று கேட்டான். "ரெண்டு பேருக்கும்தான். தின்னு" என்றாள் பெரியவள்.

ஆனால் அடுத்த தடவை குத்திப் பார்த்தால் எண் இறங்கவில்லை. அதற்கடுத்த தடவையும் இறங்கவில்லை.

நர்ஸம்மா குரலைத் தாழ்த்தினார். "மறைக்காம சொல்லும்மா. ஆசைப்பட்டு எப்பவாவது இனிப்பு சாப்பிடுறியா?"

"சத்தியமா சாப்பிடலைங்க."

"நான் திட்ட மாட்டேன்."

"சாப்பிட்டாத்தானே சொல்றதுக்கு?"

அவள் பொய் சொல்கிறவள் இல்லை, குருவி விஷயத்தைத் தவிர. ஆனாலும் சந்தேகம் என்பது எறும்பு மாதிரி, எங்கிருந்து ஏறும் என்று தெரியாது. ஒரு நாள் பெரியவள் சர்க்கரை டப்பாவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மேல்மட்டம் வைத்தபடியே இருந்தது. மூடிவிட்டுத் திரும்பினால் வாசலில் ருசி நிற்கிறாள். பெரியவள் முகம் சுண்டிப் போனது.

"அக்கா, நானும் தினம் பார்க்கிறேன், எங்கேயாவது தூக்கத்துல எழுந்து வந்து தின்னுடுறேனோன்னு" என்றாள் ருசி. கோபமே இல்லை. அதுதான் பெரியவளை அடித்தது. அவள் கண்ணில் இருந்தது வேறு. தோள் அகலமாகிக்கொண்டே போகிற ஒரு பிள்ளையை அவள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், ஊசி போட வேண்டியிருக்கும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்.

அந்த வாரத்தில் ஒரு மதியம். மரத்தடியில் ருசி தன் பங்கைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மீதியை வழக்கம்போல் குழாயடிக்கு எடுத்துப் போனாள்.

"குருவி, இதை முடிச்சுரு. ருசி பார்த்துப் பார்த்தே வயிறு நிறைஞ்சு கிடக்கு."

வருஷக்கணக்காகக் கேட்ட பேச்சு. குருவியின் மானத்தைக் காப்பாற்றச் சொல்கிற பொய் என்று கொட்டகைக்கே தெரியும். பெரியவள் வாயருகில் கொண்டு போன கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது பொய்யா?

மதியத்துக்குப் பிறகான வேலையில் அவள் ஒன்று செய்தாள். பக்கத்தில் ஒரு காலி பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டாள். ருசி கரண்டியை வாயில் வைக்கும்போதெல்லாம், தன் மேசையிலிருந்த ஜாமில் அதே அளவு எடுத்து அந்தப் பாட்டிலில் போட்டாள். முதல் அண்டா, ஒரு கரண்டி. இரண்டாவது, ஒன்று. மூன்றாவதில் இரண்டு தரம் வைத்தாள், இவளும் இரண்டு போட்டாள். அடுப்பு அணைவதற்கு முன்பே பாட்டில் கழுத்து வரை நிறைந்துவிட்டது. அதுவும் அரை நாள் வேலைக்கு.

வெளியே வந்ததும் சுவரின் மேல் அதை வைத்தாள்.

"இது என்னன்னு சொல்லு."

"ஜாம். அன்னாசி. மூணாவது அண்டா" என்றாள் ருசி, பார்த்த மாத்திரத்தில்.

"இன்னிக்கு மதியத்துக்கு மேல நீ சாப்பிட்டது."

"நான் எங்க சாப்பிட்டேன்? ருசிதானே பார்த்தேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. அந்தக் கொட்டகையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். விரதம் இருக்கிற பெண்கள்கூடப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்து, கரண்டியில் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, விரதம் கெடவில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அது சாப்பாடு இல்லை, வேலை. அடுப்புச் சூடு மாதிரி, கைக்காய்ப்பு மாதிரி அதுவும் ஒன்று. அதை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்?

மறுநாள் பாட்டிலோடு நர்ஸம்மாவிடம் போனார்கள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"நான் கேட்டதெல்லாம் தட்டைப் பத்தித்தான். கரண்டியைப் பத்திக் கேட்கவே இல்லையே" என்றார். பிறகு ருசியின் தலையில் கை வைத்தார். "நீ பொய் சொல்லலைம்மா."

ருசி அங்கேதான் அழுதாள். முதல் பிள்ளைக்கும் சேர்த்து அழுதாள் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

இனிமேல் என்ன செய்வது? முதலாளி நல்ல மனுஷன். "வாயில வச்சுட்டுத் துப்பிரு தாயி" என்றார். கொட்டகைக்கு வெளியே ஒரு வாளி வைத்தார்கள். ஆனால் உணவைத் துப்புவதற்கு அவள் மனது ஒப்பவில்லை. மனதைக் கட்டிப் போட்டுத் துப்பினாலும், தொண்டை பழக்கத்தில் பாதியை விழுங்கிவிடும். சரி, மூடி போடுகிற வேலைக்குப் போ என்று மேசைக்கு மாற்றினார் முதலாளி. அந்த வாரம் இறங்கின ஜாம் ஒன்று கல்லாக இறுகியது, ஒன்று தண்ணியாக ஓடியது, ஒன்றைப் பெட்டியோடு கடைக்காரர் திருப்பி அனுப்பினார். முதலாளி அண்டா ஓரத்தில் குழந்தையைத் தொலைத்தவர் மாதிரி நின்றார்.

ஒரு காலையில் ருசி பெரியவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அண்டாவுக்கு எதிரே நிறுத்தினாள்.

"அக்கா, நீ வாயில வை."

"நானா? எனக்கு நாக்கே இல்லைன்னு நீதானே சொல்லுவே?"

"நாக்கு இல்ல. மூஞ்சி இருக்கு. வை."

பெரியவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். ருசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம், மூக்கு ஓரம், கன்னம், தொண்டை. ஆவிக்கு அந்தப் பக்கம் அந்தக் கண்கள் இமைக்கவே இல்லை.

"எப்படி இருக்கு?" என்று முதலாளி கேட்டார்.

"இனிப்பா இருக்குங்க" என்றாள் பெரியவள்.

"அவகிட்ட கேட்காதீங்க முதலாளி, அவளுக்குத் தெரியாது" என்றாள் ருசி. "புளிப்பு முன்னாடி வருது, இனிப்பு பின்னாடி ஓடி வருது. இன்னும் கொதிக்கணும்."

கொதிக்க விட்டார்கள். மறுபடி ஒரு கரண்டி. மறுபடி அந்தக் கண்கள். பெரியவளுக்குத் தன் முகத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று அவளேகூடத் தன்னை இப்படிப் பார்த்ததில்லை. சின்ன வயதிலிருந்து உள்ளே போட்டு மூடி வைத்ததெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி கூசியது.

"இப்ப சரி. இறக்குங்க" என்றாள் ருசி.

இறக்கினார்கள். ஆறின பிறகு முதலாளி ஒரு விரலில் தொட்டு வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நேரே போய், வாசலில் நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது ருசியின் வீட்டுக்காரன் நம்பவில்லை. "அண்ணி மூஞ்சியைப் பார்த்து ஜாமா? எங்க அண்ணன் இத்தனை வருஷமா அதே மூஞ்சியைப் பார்க்கிறார். ஒரு நாள் என்ன குழம்புன்னுகூட அவருக்குத் தெரிஞ்சதில்லையே."

"உங்க அண்ணன் தட்டைப் பார்ப்பார். என்னை எங்க பார்த்தார்?" என்றாள் பெரியவள். மூலையில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் அன்றைக்கு முதல் முறையாகத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதிலிருந்து கொட்டகை அப்படித்தான் ஓடியது. ஒரே ஆள் வாய்க்கே கரண்டி போனால் அவளுக்கும் ருசியின் கதைதான் ஆகிவிடும் என்று, பெரியவளும் மற்றப் பெண்களும் முறை வைத்துக்கொண்டார்கள். நுனி நாக்கில் தொட்டால் போதும், முழுக் கரண்டி வேண்டாம் என்று ருசியே கரண்டியை மாற்றினாள். "மூஞ்சியை இறுக்காதே, தளர விடு." "நீ வீட்டுச் சண்டையை மூஞ்சியில வச்சுக்கிட்டு வந்திருக்கே, போய்த் தண்ணி குடிச்சுட்டு வா." குருவியின் முகத்தைத்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பசியைப் பார்த்த முகம், எதையும் மறைக்காது என்பாள்.

பெரியவள் வாழ்நாளில் மறக்காதது வேறொன்று. ஒரு நாள் கொதிக்கிற அண்டாவிலிருந்து ஒரு துளி தெறித்து ருசியின் புறங்கையில் விழுந்தது. பழக்கத்தில் கை தானாக வாய்க்கு எழும்பியது. எத்தனை வருஷத்துப் பழக்கம். உதட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அது நின்றது. அப்படியே நின்றது. அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பெரியவள் பார்த்தாள். அந்த ஆவி, அந்த வாசனை, அந்த ஒரு துளி, அதற்கெதிரே கையைக் கீழே கொண்டு வருகிற ஒரு பெண். கோயிலில் நிற்கும்போது வருகிற சிலிர்ப்பு பெரியவளுக்கு வந்தது. ருசி குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, "ம், அடுத்த அண்டா" என்றாள்.

எண் இறங்கியது. முழுதாக இறங்கவில்லை. கடைசி மாதங்களில் ஊசியும் தேவைப்பட்டது. கரண்டியை விட்டுக்கூட இப்படியா என்று ருசி கேட்டபோது, "உடம்பு பாதி, நீ பாதி. உன் பாதியை நீ செஞ்சுட்டே. மிச்சத்துக்குத்தான் ஊசி" என்றார் நர்ஸம்மா. எப்படிப் போட்டுக்கொள்வது என்று அவர் செய்து காட்டியபோது, கூட வந்த வீட்டுக்காரன் பெஞ்சில் சாய்ந்துவிட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியதாயிற்று. "டிராக்டர் ஓட்டுற ஆளைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே ருசி தன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துத் தானே குத்திக்கொண்டாள்.

பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில். நல்ல உச்சி வெயில் நேரம். பெரியவளைக் கூட இருக்க விட்டார்கள். தலை தெரிந்தது. இத்தனை வருஷமும் பெரியவள் கையில் இருந்த அந்தக் கனம் இன்னும் கூடியது. ருசி கத்தவில்லை. பெரியவளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்டாவுக்கு எதிரே பார்ப்பாளே, அதே பார்வை. தனக்குக் கீழே நடப்பதை இந்த முகத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்ததும், பெரியவள் முகத்தைத் தளர விட்டாள். பயத்தையெல்லாம் உள்ளே தள்ளவில்லை. தள்ளினாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். கடவுளே என்று மட்டும் நினைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு தோள் வந்தது. இன்னொரு தோளும் வந்தது. ஒன்றும் மாட்டவில்லை. வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு நொடி யோசித்துவிட்டு, அழுதது. பெண் பிள்ளை. எல்லாப் பிள்ளையும் மாதிரி ஒரு சாதாரணப் பிள்ளை. பெரியவள் கையில் கொடுத்தார்கள். அதில் கனமே இல்லை. அந்த லேசைத் தாங்க முடியாமல்தான் அவள் அழுதாள்.

அங்கேயும் ஒரு குத்து இருந்தது. பிள்ளையின் குதிகாலில். தாய் வயிற்றில் கூடுதலாக வந்துகொண்டிருந்த சர்க்கரை சட்டென்று நின்றுவிடுவதால், பிள்ளைக்கு இறங்கிப் போகலாம், பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தக் குதிகால் பெரியவளின் கட்டைவிரல் அளவுகூட இல்லை. எண் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

"உடனே பால் குடுங்கம்மா. அதுதான் மருந்து" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ்.

ருசி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்தாள். அது வாயைத் திறந்து தேடி, பிடித்து, ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தியது. இந்த உலகத்தில் அது பார்க்கிற முதல் ருசி. ருசி குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள். புருவம், மூக்கு ஓரம், கன்னம். பிள்ளையின் நெற்றியில் சின்னதாக ஒரு சுருக்கம் விழுந்தது, பிறகு அவிழ்ந்தது. மறுபடியும் இழுக்க ஆரம்பித்தது.

"என்ன சொல்றா?" என்று பெரியவள் மெதுவாகக் கேட்டாள்.

"நல்லா இருக்காம். இன்னும் வேணுமாம்."

மறுபடி குத்திப் பார்த்தபோது எண் ஏறியிருந்தது. பெரியவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். அவள் எத்தனையோ கோயில் வாசலில் நின்றிருக்கிறாள். அங்கெல்லாம் கேட்டதை இங்கே, மருந்து வாசனை அடிக்கிற ஒரு அறையில், குதிகாலில் பஞ்சு வைத்த ஒரு பிள்ளையிடம் பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ருசிக்கும் சர்க்கரை அதோடு அடங்கியது. ஆனாலும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும், பின்னால் வரலாம் என்று நர்ஸம்மா சொல்லியனுப்பினார். பிள்ளைக்குப் பேச்சு வரும் வரைக்கும் இரண்டு குடும்பமும் ஒரே அடுக்களையில்தான் இருந்தது. பிறகு ருசியின் வீட்டுக்காரனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. பஸ்ஸிலேயே பகலெல்லாம் போகிற தூரம். அதன் பிறகு இருவருக்கும் போனில் குரல்தான் கிடைத்தது. முகம் பார்த்துக்கொள்ள வாய்க்கவே இல்லை.

புறப்பட்ட அன்று கொட்டகையே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. முதலாளி ஒரு பாட்டில் ஜாமைக் கொண்டு வந்து நீட்டப் போய், யாருக்கு நீட்டுகிறோம் என்று நினைவு வந்து வெட்கப்பட்டு, பிள்ளையின் கையில் கொடுத்தார். குருவி தன் வீட்டிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் நிறையச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம், இப்போது கூடை பின்னுகிறாராம். பாக்ஸை ருசியின் மடியில் வைத்து, "வழியில சாப்பிடு, மிச்சம் வச்சா தோலை உரிச்சுருவேன்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரிக்க, குருவி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவள் காலையிலிருந்து மூட்டை கட்டினாள், முடிச்சுப் போட்டாள், போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ருசி ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, பெரியவளின் முகத்தை ஒரு தரம் முழுதாகப் பார்த்தாள். புருவத்திலிருந்து தொண்டை வரைக்கும், அவசரமே இல்லாமல். பிறகு குருவியின் டிபன் பாக்ஸை ஜன்னல் வழியாகப் பெரியவளின் கையில் வைத்து அழுத்தினாள். பெரியவளும் அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் எதிரே நின்றதில் அவளுக்கும் கொஞ்சம் படிக்கத் தெரிந்திருந்தது. வழக்கமாகச் சொல்கிற அந்தப் பேச்சு இப்போதும் பொய்யா என்று தேடினாள். இல்லை, இந்தத் தடவை நிஜம்.

பஸ் நகர்ந்தபோது ருசி சொன்னாள்: "எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு அக்கா. நீ சாப்பிடு."